எண்ணெய் எங்கே போனது? லூப் முடிந்த பிறகும் கையை விடாத ரெஃபரன்ஸ்

கேள்வி: ஒரு மளிகைக் கடைக்குப் பிஎச்பியில் பில் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் ஃபார்ஈச் லூப்பில் (பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் லூப்) ஒவ்வொரு பொருளின் விலையோடும் 5 சதவீத வரியைச் சேர்த்து, மொத்தத்தைக் கூட்டிக்கொள்கிறேன். இரண்டாவது ஃபார்ஈச்சில் பொருளுக்கு ஒரு பில் வரியாக அச்சிட்டு, டேட்டாபேஸிலும் சேமிக்கிறேன். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று மூன்று பொருள் கொடுத்தால் பில்லில் அரிசி, பருப்பு, பருப்பு என்று வருகிறது. மொத்தத் தொகை மட்டும் சரி. இரண்டு லூப்புக்கும் நடுவே, மாறியில் இருப்பதைக் காட்டும் வார்_டம்ப் போட்டுப் பார்த்தேன், இணைத்திருக்கிறேன். அங்கே எண்ணெய் இருக்கிறது. இரண்டாவது லூப்பில் அரேயை, அதாவது பொருள் பட்டியலை, நான் தொடவே இல்லை. ரெஃபரன்ஸ் (பிரதி எடுக்காமல் அதே இடத்தைச் சுட்டுவது) போட்டால் நினைவகம் மிச்சமாகும் என்று படித்ததால் முதல் லூப்பில் மட்டும் & குறி சேர்த்திருக்கிறேன். அதே பக்கத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் 'நீக்கு' பொத்தானை ஜாவாஸ்கிரிப்ட் லூப்பில் இணைத்தேன். எதை அழுத்தினாலும் 3 என்ற எண்ணே வருகிறது. 0, 1, 2 என்ற வரிசைகள்தான் உண்டு, 3 என்று ஒன்று கிடையாது. இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகளா?

பதில்: எண்ணெயை அழித்தது உங்கள் இரண்டாவது லூப்; அழிக்க வழி திறந்துவிட்டது முதல் லூப்பில் இருக்கும் & குறி. பொத்தான் கோளாறு வேறு மொழியில் நடக்கிறது என்றாலும் வேர் ஒன்றுதான். லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் மாறி புதிதாகப் பிறந்து, லூப் முடிந்ததும் மறைந்துவிடும் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இடத்திலும் அப்படி நடக்கவில்லை. முதலில் எண்ணெயைப் பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய நிரலின் சாரம் இது. குறிச்சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். $பொருள் போன்ற மாறிப் பெயர்களைத் தமிழிலேயே தட்டினாலும் பிஎச்பி ஏற்கும்.

ஃபார்ஈச் ($பொருள்கள் ஆஸ் &$பொருள்) {
    $பொருள்['விலை'] = $பொருள்['விலை'] * 1.05;
}

ஃபார்ஈச் ($பொருள்கள் ஆஸ் $பொருள்) {
    எக்கோ $பொருள்['பெயர்'];
}

அரேயை அஞ்சறைப் பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். அறைகளுக்கு 0, 1, 2 என்று எண்கள். & இல்லாத ஃபார்ஈச்சில் $பொருள் என்பது பெட்டிக்கு வெளியே இருக்கும் தனிக் கிண்ணம். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அறையில் இருப்பதன் பிரதி அந்தக் கிண்ணத்தில் விழும். கிண்ணத்தில் என்ன செய்தாலும் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. & போட்டதும் கிண்ணமே கிடையாது. $பொருள் என்ற பெயர்ச்சீட்டு அந்த அறையின் மேலேயே ஒட்டப்படுகிறது. முதல் சுற்றில் 0ஆம் அறை மேல், அடுத்த சுற்றில் அங்கிருந்து பிய்த்து 1ஆம் அறை மேல், மூன்றாவதில் 2ஆம் அறை மேல். சீட்டு ஒட்டியிருக்கும் வரை $பொருள் என்பதும் $பொருள்கள்[2] என்பதும் ஒரே இடத்துக்கான இரண்டு பெயர்கள்.

லூப் முடிந்ததும் அந்தச் சீட்டைப் பிய்ப்பது யார்? யாரும் இல்லை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. சி++, ஜாவா படித்து வந்தவர்களுக்கு லூப்பின் தலைப்பில் அறிவித்த மாறி, லூப்பின் அடைப்போடு முடிந்துவிடும் என்பது பழகிப்போயிருக்கும். பிஎச்பியில் இஃப், ஃபார், ஃபார்ஈச், வைல் ஆகியவற்றின் நெளி அடைப்புகள் எதுவும் தனி வரையெல்லையை உண்டாக்குவதில்லை. ஒரு ஃபங்ஷனின் உள்ளே பிறந்த மாறி அந்த ஃபங்ஷன் முடியும் வரை இருக்கும். ஃபங்ஷனுக்கு வெளியே பிறந்தது ஸ்கிரிப்ட் முடியும் வரை இருக்கும். ஆகவே முதல் லூப் முடிந்து நீங்கள் இரண்டாவது லூப்புக்கு வரும்போது $பொருள் என்ற சீட்டு 2ஆம் அறையின் மேல், அதாவது எண்ணெயின் மேல், ஒட்டியபடியே இருக்கிறது.

இனி இரண்டாவது லூப்பைக் கையால் ஓட்டிப் பாருங்கள். அரிசி 60 ரூபாய், பருப்பு 140, எண்ணெய் 200 என்று வைத்தால், வரி சேர்த்தபின் அறைகளில் 63, 147, 210 இருக்கின்றன.

முதல் சுற்று: 0ஆம் அறையில் உள்ள அரிசியை எடுத்து $பொருளுக்குள் போடு என்பது கட்டளை. $பொருள் என்பது இப்போது 2ஆம் அறை. எண்ணெய் இருந்த இடத்தில் அரிசி உட்கார்ந்துவிடுகிறது. அறைகள்: அரிசி, பருப்பு, அரிசி. அச்சாவது அரிசி.

இரண்டாம் சுற்று: 1ஆம் அறையின் பருப்பு $பொருளுக்குள், அதாவது 2ஆம் அறைக்குள். அறைகள்: அரிசி, பருப்பு, பருப்பு. அச்சாவது பருப்பு.

மூன்றாம் சுற்று: 2ஆம் அறையில் இருப்பதை 2ஆம் அறைக்கே எழுது. அங்கே இருப்பது பருப்பு. மீண்டும் பருப்பு அச்சாகிறது.

அரேயை நீங்கள் தொடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். 'ஆஸ் $பொருள்' என்பதே ஒரு மதிப்பிருத்தல்தான். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் $பொருளுக்குள் எழுதும் வேலையை ஃபார்ஈச் உங்களுக்காகச் செய்கிறது. லூப்பின் உடலுக்குள் அது ஒரு வரியாகத் தெரியாததால் கண்ணில் படுவதில்லை.

நீங்கள் இணைத்த வார்_டம்ப்பிலேயே தடயம் இருக்கிறது. 0, 1 ஆகிய இரண்டு உறுப்புகளுக்கும் 'அரே' என்று மட்டும் காட்டுகிறது; மூன்றாவதற்கு முன்னால் மட்டும் & ஒன்று நிற்கிறது. அந்த அறையை இன்னொரு பெயரும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதே அதற்கு அர்த்தம். பிரின்ட்_ஆர் பயன்படுத்தியிருந்தால் இந்தக் குறி தெரியாமலே போயிருக்கும். அரே மதிப்புகள் காரணமில்லாமல் மாறுகின்றன என்ற சந்தேகம் வந்தால் வார்_டம்ப் போட்டு, மதிப்புகளைப் படிப்பதற்கு முன் & எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தப் பிழை சோதனையில் தப்பிப்பதற்குக் காரணங்கள் உண்டு. ஒரே பொருளோடு சோதித்தால் 0ஆம் அறையை 0ஆம் அறைக்கே எழுதுவதால் எல்லாம் சரியாக வரும். கடைசி இரண்டு பொருளும் ஒன்றாகவே இருந்தாலும் வித்தியாசம் தெரியாது. இரண்டாவது லூப்பில் $பொருளுக்குப் பதில் $வரி என்று பெயர் வைத்திருந்தால் பிழை தலைகாட்டாது; சீட்டு எண்ணெய் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் பெயரை மாற்றிவிட்டுப் பிழை தீர்ந்தது என்று நகர்ந்துவிட வேண்டாம் என்கிறேன். 40 வரிக்குக் கீழே வேறு யாராவது $பொருள் என்று எழுதும் நாளில் அது திரும்ப வரும். உங்கள் மொத்தம் சரியாக வந்ததற்குக் காரணம் இது: அதை முதல் லூப்பிலேயே கூட்டிவிட்டீர்கள், எண்ணெய் அப்போது உயிரோடு இருந்தது. 63, 147, 210 சேர்ந்து 420. பில்லில் அச்சான வரிகளைக் கூட்டினால் 357தான் வரும்.

திருத்தத்துக்கு வருவோம். மிகச் சிறிய திருத்தம், முதல் லூப்பின் மூடும் அடைப்புக்கு அடுத்த வரியிலேயே இதைச் சேர்ப்பது:

அன்செட்($பொருள்);

அன்செட் போட்டால் எண்ணெய் போய்விடுமோ என்று பயப்படத் தேவையில்லை. அது சீட்டைத்தான் பிய்க்கிறது. அறையில் உள்ள பொருள் அப்படியே இருக்கும். இதற்குப் பதிலாக $பொருள் = நல்; (நல் என்பது வெற்று மதிப்பு) என்று எழுதினால்தான் ஆபத்து. அது சீட்டைப் பிய்க்காது, சீட்டு ஒட்டியிருக்கும் அறையைக் காலி செய்துவிடும். மாறியைச் 'சுத்தம் செய்கிறேன்' என்று நல் வைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. ரெஃபரன்ஸ் இருக்கும் இடத்தில் அது நேரடியாகத் தரவை அழிக்கும்.

அன்செட் வேலை செய்யும் என்றாலும், உங்கள் நிரலுக்கு நான் பரிந்துரைப்பது & குறியையே எடுத்துவிடுவதை. அறை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நேராக எழுதுங்கள்:

ஃபார்ஈச் ($பொருள்கள் ஆஸ் $எண் => $பொருள்) {
    $பொருள்கள்[$எண்]['விலை'] = $பொருள்['விலை'] * 1.05;
}

எந்த அறையில் எழுதுகிறோம் என்பது வரியிலேயே தெரிகிறது. லூப்புக்குப் பிறகும் $பொருள் என்ற மாறி இருக்கத்தான் செய்யும், ஆனால் அது வெறும் கிண்ணம். ஒவ்வொரு உறுப்பையும் மாற்றிப் புதிய அரே தரும் அரே_மேப் பயன்படுத்தி, வரி சேர்த்த புதிய பட்டியலை வேறு பெயரில் உண்டாக்கினால் இன்னும் நல்லது. வரிக்கு முந்தைய விலையும் கையில் இருக்கும், பில்லில் தனியாகக் காட்டலாம். & கட்டாயம் வேண்டும் என்றால் அந்த லூப்பை ஒரு சிறிய ஃபங்ஷனுக்குள் வைத்து, திருத்திய அரேயைத் திருப்பி அனுப்புங்கள். ஃபங்ஷன் முடியும்போது அதன் உள்ளூர் மாறிகள் எல்லாம் போய்விடும், சீட்டும் சேர்ந்தே போகும்.

நினைவகம் மிச்சமாகும் என்று படித்ததைப் பற்றி ஒரு சொல். பிஎச்பி அரேக்களைப் 'படிக்கும்போது பகிர்ந்துகொள், எழுதும்போது பிரதியெடு' என்ற முறையில் கையாளுகிறது. ஓர் அரேயை ஃபங்ஷனுக்கு அனுப்பினாலும், & இல்லாமல் ஃபார்ஈச்சில் ஓட்டினாலும், யாராவது அதில் எழுதும் வரை முழுப் பிரதி எடுக்கப்படுவதில்லை. மாறாக, வேறொரு மாறியோடு பகிரப்பட்டிருக்கும் அரேயை & போட்டு ஓட்டத் தொடங்கினால் அந்த இடத்திலேயே பிஎச்பி அதைத் தனிப் பிரதியாகப் பிரிக்க வேண்டியிருக்கும். வேகத்துக்காக & போடுவது பெரும்பாலும் எதையும் தராது; சில இடத்தில் எதிர்மாறாகவும் முடியும். உறுப்பை மாற்றுவதே நோக்கமாக இருக்கும்போது மட்டும்தான் அதற்கு இடம்.

உங்கள் நிரலில் இன்னும் இரண்டு இடங்களைச் சரிபார்க்கச் சொல்வேன். ஒன்று, & உள்ள லூப்பை பிரேக் போட்டு நடுவில் நிறுத்தினால் சீட்டு கடைசி அறையில் இருக்காது; எந்த அறையில் நிறுத்தினீர்களோ அங்கேயே நிற்கும். அப்போது கெடுவது பட்டியலின் நடு உறுப்பு. 'கடைசி உறுப்பு' என்ற அடையாளத்தை மட்டும் தேடுபவருக்கு அது பிடிபடாது. மற்றொன்று இன்க்ளூட். பிஎச்பியில் இன்க்ளூட் செய்யப்படும் கோப்பு, அந்த வரி இருக்கும் இடத்தின் மாறிகளையெல்லாம் அப்படியே பெற்றுக்கொள்ளும். கணக்கு ஒரு கோப்பிலும் அட்டவணை இன்னொரு கோப்பிலும் இருந்தால், சீட்டை ஒட்டிய லூப்பும் அதன் மேல் எழுதும் லூப்பும் ஒரே திரையில் கண்ணுக்குப் படவே படாது. எடிட்டரின் மொத்தத் தேடலில் 'ஆஸ்' என்ற குறிச்சொல்லும் அதை அடுத்து & குறியும் என்று ஒருமுறை, => அடுத்து & என்று இன்னொருமுறை தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு இடத்திலும் லூப் முடிந்த அடுத்த வரியில் அன்செட் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

டேட்டாபேஸில் சேமிப்பதாகச் சொன்னதால் இதையும் சொல்லிவிட வேண்டும். டேட்டாபேஸோடு பேசும் பிஎச்பி இடைமுகமான பிடிஓவில், கட்டளைக்கு மதிப்புகளைக் கொடுக்க பைண்ட்பாரம், பைண்ட்வேல்யூ என்று பெயரளவில் ஒத்த இரண்டு உண்டு. பைண்ட்வேல்யூ அந்த நொடியில் மாறியில் உள்ள மதிப்பை எடுத்துக்கொள்ளும். பைண்ட்பாரம் மாறியையே ரெஃபரன்ஸாகப் பிடித்துக்கொண்டு, கட்டளையை நிறைவேற்றும் எக்ஸிக்யூட் ஓடும் நேரத்தில்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும். அதனால் இப்படி எழுதினால்,

ஃபார்ஈச் ($மதிப்புகள் ஆஸ் $பெயர் => $மதிப்பு) {
    $கட்டளை->பைண்ட்பாரம்($பெயர், $மதிப்பு);
}
$கட்டளை->எக்ஸிக்யூட்();

எல்லாப் புலங்களும் $மதிப்பு என்ற ஒரே மாறியில் கட்டப்பட்டுவிடும். எக்ஸிக்யூட் ஓடும்போது அதில் கடைசி மதிப்புதான் இருக்கும். பில் எண், பொருள், தொகை எல்லாவற்றிலும் தொகையே பதிவாகும். புலங்கள் எல்லாம் எண் வகை என்றால் டேட்டாபேஸ் முணுமுணுப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளும். இங்கே & குறி எங்கும் கண்ணில் படாது, ஏனென்றால் அது அந்த மெத்தடின் அறிவிப்பிலேயே ஒளிந்திருக்கிறது. லூப்புக்குள் எப்போதும் பைண்ட்வேல்யூ பயன்படுத்துங்கள். மதிப்புகளை அரேயாக எக்ஸிக்யூட்டுக்கே கொடுக்கலாம்தான். அப்போது எல்லாம் சரங்களாகப் போகும், எண்ணாகவே போக வேண்டிய இடத்தில், உதாரணமாக எத்தனை வரிசை வேண்டும் என்று சொல்லும் லிமிட் பகுதியில், சிக்கல் தரலாம்.

ஆப்ஜெக்ட்டுகளுக்கு மாறும் எண்ணம் இருந்தால் இதே குடும்பத்தின் இன்னொரு பிழை காத்திருக்கிறது. லூப்புக்கு வெளியே $வரி = நியூ பில்வரி என்று ஒன்றை உண்டாக்கி, உள்ளே அதன் பெயரையும் விலையையும் மாற்றி $பட்டியல்[] = $வரி என்று சேர்த்துக்கொண்டே போனால், முடிவில் பட்டியலில் மூன்று எண்ணெய் இருக்கும். அரேயை இப்படிச் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் மதிப்பு தனியாகிவிடும், ஆனால் ஆப்ஜெக்ட் மாறிக்குள் இருப்பது ஆப்ஜெக்ட் அல்ல, அதை எட்டுவதற்கான ஓர் அடையாள எண். பிரதியாவது அந்த எண் மட்டும்தான், மூன்று பிரதிகளும் ஒரே ஆப்ஜெக்ட்டுக்கே போய்ச் சேரும். நியூ உள்ள நிரல் வரியை லூப்புக்கு உள்ளே கொண்டுவருவதுதான் தீர்வு. ஆப்ஜெக்ட்டை குளோன் செய்து (நகலெடுத்து) சேர்த்தாலும் சரி. ஆனால் அது மேல்தட்டை மட்டுமே பிரதியெடுக்கும், ஆப்ஜெக்ட்டுக்குள் இன்னொரு ஆப்ஜெக்ட் இருந்தால் அது எல்லாப் பிரதிகளுக்கும் பொதுவாகவே நிற்கும்.

இனி பொத்தான்கள். உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் லூப் 'ஃபார் (வார் எண் = 0; எண் < 3; எண்++)' என்று தொடங்குகிறது. வார் என்று அறிவித்த மாறி பிஎச்பி மாறியைப் போலத்தான்: லூப்பின் அடைப்பை மதிக்காது, சுற்றியுள்ள ஃபங்ஷன் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. மூன்று பொத்தானுக்கும் நீங்கள் கொடுத்த கிளிக் ஃபங்ஷன்கள், எண்ணின் அப்போதைய மதிப்பைக் குறித்துவைத்துக்கொள்வதில்லை; எண் என்ற மாறியையே பிடித்துக்கொள்கின்றன. குளோஷர் என்று சொல்வது இதைத்தான். வாடிக்கையாளர் பொத்தானை அழுத்துவது லூப் முடிந்து எவ்வளவோ நேரம் கழித்து. 'எண் < 3' என்ற நிபந்தனை பொய்யானால்தானே லூப் நிற்கும்? அது பொய்யாக எண் 3 ஆகியிருக்க வேண்டும். இல்லாத 3ஆம் வரிசை வந்தது இப்படித்தான்.

வார் என்பதை லெட் ஆக்குங்கள், அவ்வளவுதான். 2015ஆம் ஆண்டின் ஈசிஎம்ஏஸ்கிரிப்ட் தரத்தில் லெட் வந்தபோது, ஃபார் தலைப்பில் அறிவித்த மாறிக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புதிய பிரதி கிடைக்கும்படி விதி வைத்தார்கள்: முந்தைய சுற்றின் மதிப்பைப் புதியதற்கு மாற்றி, பிறகு ++ நடக்கும். மூன்று ஃபங்ஷனும் மூன்று தனி எண்களைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் 'லெட் எண்;' என்று லூப்புக்கு மேலே எழுதிவிட்டு உள்ளே வெறுமனே பயன்படுத்தினால் பயனில்லை; அறிவிப்பு ஃபாரின் அடைப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். மதிப்பை மாற்ற விடாத கான்ஸ்ட் போடலாமா என்றால், ஃபார்-ஆஃப் லூப்பில் தாராளமாகப் போடலாம். எண்++ உள்ள லூப்பில் போட்டால் முதல் சுற்று முடிந்து கூட்டும் இடத்தில் டைப்எரர் வந்து நிற்கும். நிரலைச் சோதித்துத் தவறுகளைச் சுட்டும் ஈஎஸ்லின்ட் கருவி வைத்திருந்தால் நோ-வார், நோ-லூப்-ஃபங்க் என்ற இரண்டு விதிகளையும் இயக்கிவிடுங்கள்.

லெட் போட்டதும் பொத்தான்கள் 0, 1, 2 என்று சரியாகச் சொல்லும். ஆனாலும் நிரல் இன்னும் சரியாகவில்லை. 1ஆம் வரிசையை நீக்கியதும் கீழே இருந்த 2ஆம் வரிசை மேலேறி 1 ஆகிவிடும். அதன் பொத்தானோ இன்னும் 2 என்றே பிடித்துக்கொண்டிருக்கும். அதை அழுத்தினால் ஒன்றும் நடக்காது, நான்கு பொருள் இருந்தால் தவறான பொருள் நீங்கும். நீக்கும் பொத்தானுக்கு வரிசை எண் ஏற்றதே அல்ல. பொருளின் சொந்த அடையாள எண்ணை டேட்டா- பண்பாகப் பொத்தானிலேயே எழுதிவிடுங்கள். அட்டவணை முழுவதற்கும் ஒரே ஒரு கிளிக் கேட்பானை வைத்து, அழுத்தப்பட்ட பொத்தானை குளோசஸ்ட் என்ற மெத்தட் மூலம் கண்டுபிடித்து, அந்தப் பண்பைப் படியுங்கள். லூப்பே தேவைப்படாது, பிற்பாடு சேர்க்கும் வரிசைகளுக்கும் அது தானாக வேலை செய்யும்.

இதே குளோஷரை பிஎச்பியில் எழுதினால் நடப்பது நேர்மாறு. அங்கே 'யூஸ்' என்ற சொல்லால் உள்ளே கொண்டுபோகும் மாறி, ஃபங்ஷன் உண்டான நொடியின் மதிப்பாகவே போகும்; யூஸ் அடைப்பில் நீங்களாக & போட்டால்தான் மாறியைப் பிடிக்கும். 7.4ஆம் பதிப்பில் வந்த அம்புக்குறி ஃபங்ஷன்களும் மதிப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டு மொழியையும் ஒரே பக்கத்தில் எழுதும் உங்களைப் போன்றவர்கள் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. பைத்தானுக்குப் போனால் அது ஜாவாஸ்கிரிப்ட்டின் வார் பக்கம்: லூப் மாறி லூப்புக்குப் பிறகும் இருக்கும், லாம்டா (பெயரில்லாத ஃபங்ஷன்) அதைத்தான் பிடிக்கும்.

இதில் சறுக்கியதற்காக நீங்கள் மனம் குன்றத் தேவையில்லை. மொழிகளை வடிவமைத்தவர்களே பின்னால் திருத்திக்கொண்ட விஷயம் இது. சி ஷார்ப் 2012இல் வந்த 5ஆம் பதிப்பில் தன் ஃபார்ஈச் மாறியைச் சுற்றுக்கு ஒன்றாக மாற்றியது. கோ மொழி 2024 பிப்ரவரியில் வந்த 1.22ஆம் பதிப்பில் அதையே செய்தது. கோவின் பழைய விதியால் நேர்ந்த ஒரு சம்பவம் உங்கள் பருப்புக்கு அப்படியே பொருந்தும். இணையத்தளங்களுக்கு இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட், ஒரு விண்ணப்பத்தில் பல டொமைன்கள் இருந்து அவற்றை மறுசோதனை செய்ய வேண்டியபோது, ஒவ்வொன்றையும் சோதிப்பதற்குப் பதிலாக ஒரே டொமைனை அத்தனை முறை சோதித்துக்கொண்டிருந்தது. லூப் மாறியின் முகவரியை எடுத்துவைத்ததுதான் காரணம். பாதிக்கப்பட்ட சான்றிதழ்கள் 30 லட்சத்துக்கும் மேல் என்று 2020இல் அந்த நிறுவனமே வெளிப்படையாக அறிவித்தது.

நிரலைத் திருத்தியதும் 0, 1, 2, 3 பொருள்களோடு தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள். பொருள்கள் எல்லாம் வெவ்வேறாக, விலைகளும் வெவ்வேறாக இருக்கட்டும். அச்சான வரிகளின் கூட்டுத்தொகை மொத்தத்தோடு பொருந்துகிறதா என்று நிரலே சரிபார்த்து, பொருந்தாவிட்டால் பில்லைச் சேமிக்காமல் நிறுத்தும்படி ஒரு நிபந்தனையும் போடுங்கள்.

பிழையோடு ஏற்கெனவே சேமித்த பில்கள் டேட்டாபேஸில் கிடக்கின்றனவே, அவற்றையும் விட்டுவிடக் கூடாது. நல்ல வேளையாக உங்கள் மொத்தத் தொகை சரியானது, அதை வைத்துப் பெரும்பாலானவற்றை மீட்டுவிடலாம். முதலில் டேட்டாபேஸை ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு பில்லிலும் சேமித்த மொத்தத்திலிருந்து அதன் வரிகளின் கூட்டுத்தொகையைக் கழியுங்கள். வித்தியாசம் பூஜ்யமாக இல்லாத பில்களில், திரும்ப வந்த கடைசி வரியின் தொகையோடு அந்த வித்தியாசத்தைக் கூட்டினால், காணாமல் போன வரியின் உண்மைத் தொகை கிடைக்கும். மேலே சொன்ன பில்லில் 420இலிருந்து 357 போக 63. 147உடன் 63 சேர்ந்தால் 210, அது எண்ணெய். தொலைந்த பொருள் முந்தையதைவிட மலிவானது என்றால் வித்தியாசம் கழித்தல் குறியோடு வரும், கணக்கு அப்போதும் பொருந்தும். தொகையை வைத்துப் பொருளை அன்றைய விலைப்பட்டியலில் தேடுங்கள். ஒரே விலையில் இரண்டு பொருள் இருந்தால் கடைக்காரரின் இருப்புக் கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வித்தியாசம் பூஜ்யமாக இருந்து கடைசி இரண்டு வரியும் ஒன்றாக இருக்கும் பில்களைத் தனியாக ஒதுக்கிவையுங்கள். வாடிக்கையாளர் அதே பொருளை இரண்டு முறை வாங்கியிருக்கலாம், அதே விலையுள்ள வேறு பொருள் மறைந்தும் இருக்கலாம். திருத்திய பில் எண்களின் பட்டியலை அச்செடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்து, அவருடைய கணக்கரிடமும் சொல்லச் சொல்லுங்கள். அரசுக்குக் கட்டும் வரியின் பொருள்வாரிக் கணக்கில் அந்தப் பில் வரிகள் இப்போது பருப்பின் பெயரில்தான் நிற்கின்றன.